குட்டிப் புலிகளுக்கு மூன்று மறைவிடம்

1

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்குப் புதிதாக ஒரு தமிழ்க் குடும்பம் வந்திருக்கிறது. போன கிழமை அந்தத் தாய் என் கதவைத் தட்டினாள். மகளின் பிறந்தநாளுக்கு இரண்டு பல்லிக் குட்டிகள் வாங்கிவிட்டார்களாம். கடைக்காரன் தந்த தாள் முழுக்க ஜெர்மன் மொழியாம்.

"அக்கா, நீங்க கனகாலமா வளக்கிறீங்களாம். என்னென்ன செய்யவேணும் எண்டு ஒரு துண்டில தமிழில எழுதித் தாங்களன்."

பேனையை எடுத்தேன். கை ஓடவில்லை. "வா, வந்து சொல்லித் தாறன், மனசில வெச்சிக்கொள்" என்று அவளோடு மேலே போய் ஒரு மணித்தியாலம் வாயால் சொல்லிக் கொடுத்தேன். எழுத்தில் ஒரு வரி கொடுக்கவில்லை. இரண்டு வரி எழுதப் பஞ்சிப்படுகிற சோம்பேறி மனுசி என்று அவள் நினைத்திருப்பாள். நினைக்கட்டும். அந்தத் துண்டை நான் ஏன் எழுதவில்லை என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். இலங்கையில் சண்டை முடிந்து எவ்வளவோ காலமாயிற்று. "இனி எழுதலாம், என்ர பேரைப் போடாத" என்று தம்பியும் சொல்லிவிட்டான். போடவில்லை.

ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். இது நம் வீட்டுச் சுவரில் ஓடுகிற பல்லி இல்லை. இதற்குச் சுவரில் ஏறத் தெரியாது, தரையில்தான் நடக்கும். கண்ணுக்கு இமை உண்டு, மனுசரைப் போல மூடித் திறக்கும். மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி. வால் மட்டும் மரவள்ளிக் கிழங்கு மாதிரிக் கொழுத்திருக்கும். பட்டினி நாளுக்கென்று அதற்குள்தான் கொழுப்பைச் சேர்த்து வைக்கிறது. லெயோபார்ட் கெக்கோ என்று இங்கே பெயர். இருபது வருடம்கூடச் சீவிக்கும் என்பதை முதலே யாராவது சொல்லியிருந்தால் வாசலிலேயே மறித்திருப்பேன். என் மகள் அபி படித்து முடித்து வேறு நகரத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். அவளுடைய இரண்டு பல்லிகளில் மிஞ்சிய ரொபி என்னோடு இருக்கிறது. விடிய எழும்பி எனக்குத் தேத்தண்ணீர் வைக்க முதல் அதன் தண்ணீர்த் தட்டைக் கழுவுகிறேன்.

2

ரொபியும் ஸூஸியும் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அபிக்கு ஒன்பது வயது. அவளோடு படித்த ஒருத்தியின் வீட்டில் முட்டையிலிருந்து வெளிவந்த குட்டிகள், பிறந்தநாள் பரிசாக வந்தவை. பல்லி தலையில் விழுந்தால் முழுகிவிட்டுக் கோயிலுக்கு ஓடுகிற குடும்பத்தில் பிறந்தவள் நான். "பல்லிக்குப் படுக்கை விரித்து, மின்சாரத்தில் சூடு காட்டி வளர்ப்பதா?" என்று குதித்தேன். மகள் அழுதாள். இவர், என் கணவர், வழக்கம்போல மகளின் பக்கம். மூன்றாம் கிழமை பார்த்தால் மாத் தராசில் பல்லியை வைத்து நிறை பார்த்துக்கொண்டிருப்பவள் நான்தான்.

குட்டிகளுக்குப் பராமரிப்பு பெரிய வித்தையில்லை, ஆனால் ஏனோதானோ என்று செய்யமுடியாது. முதல் இரண்டு கிழமை கையால் தூக்காமல் பழகவிட வேண்டும். வாலில் பிடிக்கவே கூடாது, பயந்தால் வாலைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிவிடும். கண்ணாடிப் பெட்டியின் ஒரு பக்கம் கதகதப்பு, மற்றப் பக்கம் குளிர்ச்சி, எந்தப் பக்கம் போவது என்பது அதன் விருப்பம். நிலத்துக்கு மணல் ஆகாது, பூச்சியோடு சேர்த்து விழுங்கினால் குடல் அடைத்துவிடும். சமையலறைக் கடதாசித் துவாய் போதும். இவ்வளவையும் ஒரு கிழமைக்குள் என் மகள் மனப்பாடம் செய்துவிட்டாள், ஜெர்மன் மொழியில்.

தமிழ்தான் அவளுக்கு வராது. நான் தமிழில் கேட்பேன், விளங்கும், பதில் ஜெர்மனில் வரும். சனிக்கிழமை தமிழ் வகுப்பு என்றால் வெள்ளிக்கிழமையே வயிற்றுவலி. மட்டக்களப்புப் பக்கம் பெரியகல்லாற்றில் இருந்து என் தம்பி விடாமல் எழுதுவான். களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அவன் தமிழ் வாத்தியார். "அக்கா, பிள்ளைக்கு என்ன வேணுமெண்டாலும் வாங்கிக் குடு, தமிழை மட்டும் விட்டிராத" என்பான். அபி ஒழுங்காக எழுதாத நாலு வரியையும் சிவப்பு மையால் திருத்தி, மீண்டும் தபாலில் போட்டு எங்களுக்கே அனுப்புவான். 'பள்ளிக்குப் பூச்சி குடுத்தன்' என்று எழுதியிருந்தாள். "மருமகளே, பள்ளிக்குப் பூச்சி கொடுத்தால் வாத்தியார் நாங்கள் என்ன செய்வது? பல்லி என்று எழுதுங்கள்" என்று கீழே குறிப்புப் போட்டிருந்தான். அதை வாசித்து அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். முகம் தெரியாத மாமாவுக்காகத்தான் அவள் தமிழ் எழுதினாள். எனக்காக இல்லை.

3

தமிழ் வகுப்பில் 'எனது செல்லப்பிராணி' என்று கட்டுரை கேட்டார்கள். நான் இஸ்திரிப் பெட்டியால் உடுப்பு மினுக்கிக்கொண்டு நின்றேன்.

"அம்மா, லெயோபார்ட் எண்டா தமிழில என்ன?"

"புலி" என்றேன்.

யோசிக்காமல் சொன்னேன். நம் பக்கத்தில் புள்ளி போட்ட அந்தக் காட்டு மிருகத்தைப் புலி என்றுதான் சொல்லுவோம். கோடு போட்டது நம் காட்டில் இல்லை. சிறுத்தை என்பது புத்தகத்தில் படித்த சொல். ஆனால் நான் ஊரை விட்டு வெளிக்கிடும்போதே அந்தச் சொல்லின் பொருள் வேறாகிவிட்டது. சந்தையிலோ பஸ்ஸிலோ அதை வாய்விட்டுச் சொல்லமாட்டோம். 'அவங்கள்' என்போம், 'பொடியள்' என்போம், அல்லது கண்ணால் காட்டுவோம். வெளிநாட்டில் ஆறு வருடம் பயமில்லாமல் பஸ் ஏறி இறங்கியதில் எனக்கு அது மறந்துபோயிற்று. இதில் குற்றம் சொல்ல வேறு யாரும் இல்லை. சொல்லைக் கொடுத்தவள் நான்.

கட்டுரை இரண்டு தாள். முதல் தாளில் 'எங்கள் புலிப்பல்லிகள்' என்று தலைப்பு, அதன் கீழே வண்ணத்தில் படம். படம் நன்றாக இருக்கிறதென்று வகுப்பு ரீச்சர் அதை வாங்கிச் சுவரில் ஒட்டிவிட்டார். இரண்டாம் தாள் 'மிக நன்று' என்ற குறிப்போடு வீட்டுக்கு வந்தது. நான் அந்த 'மிக நன்று'வைத்தான் பார்த்தேன். பெருமையில் தலைகால் தெரியவில்லை. தம்பி பார்த்தால் எவ்வளவு சந்தோசப்படுவான் என்று அந்த ஒற்றைத் தாளை உறைக்குள் வைத்து, அடுத்த நாளே தபாலில் சேர்த்தேன். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கவில்லை.

4

மூன்று கிழமை கழித்து ஒரு மத்தியானம் தொலைபேசி அடித்தது. தம்பியின் மனைவி, என் மச்சாள். மட்டக்களப்பு ரவுணில் ஒரு தொலைபேசிக் கடையில் நின்று கதைத்தாள்.

"மச்சாள், அவரப் பாலத்தடிச் சோதனைச் சாவடியில ஆமிக்காரங்க புடிச்சிட்டாங்க கா. உங்கட கடிதத்தால."

"என்ன கடிதம்?"

"அபிப்புள்ள எழுதினது. மத்த வாத்திமாருக்குக் காட்டப்போறன் எண்டு சேட்டுப் பொக்கற்றுக்குள்ள வெச்சிக்கொண்டு போனவர். சோதிக்கக்குள்ள எடுத்திட்டாங்க. தமிழ் வாசிக்கத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் நிண்டிரிக்கார். வாசிச்சி முடிய, சைக்கிளோட உள்ளுக்குக் கொண்டுபோயிட்டாங்க. மறுகா பெரிய முகாமுக்கு ஏத்திட்டாங்களாம்."

"பல்லி எண்டு சொல்லயில்லையா அவன்?"

"சொன்னவராம் கா, வரிசையில நிண்ட ஆக்கள் கேட்டிரிக்காங்க. எங்க பல்லி எண்டு எழுதியிரிக்கு, காட்டு எண்டு கேட்டாங்களாம். ரொபி ஆரு, ஸூஸி ஆரு, வெள்ளத் தூள் என்ன தூள், மூண்டு மறைவிடமும் எங்கெங்க எண்டு கேக்கிறாங்களாம்." கடைசியில் "என்னத்தக் கா எழுதி அனுப்பினீங்க?" என்று அழுதாள்.

அபி பள்ளிக்கூடத்தால் வந்ததும் புத்தகப்பையைக்கூட இறக்கவிடவில்லை. "இரண்டாம் தாளில என்ன எழுதின? ஒண்டும் விடாமல் சொல்லு" என்றேன். 'மிக நன்று' வாங்கிய பிள்ளை அல்லவா, கைகட்டி நின்று பாடமாக ஒப்புவித்தாள்.

"எங்கள் வீட்டில் இரண்டு குட்டிப் புலிகள் இருக்கிறார்கள். ரொபி, ஸூஸி. இரண்டு பேரையும் தனித்தனியாக வைக்கவேண்டும். ஒவ்வொருவருக்கும் மூன்று மறைவிடம் வேண்டும். பகலில் ஒளிந்திருப்பார்கள். இருட்டிய பிறகு வெளியே வருவார்கள். குட்டிகளுக்கு ஒவ்வொரு நாளும் உணவு கொடுக்கவேண்டும். வெள்ளைத் தூள் சேர்க்க மறக்கக்கூடாது. ஆபத்து வந்தால் வாலை விட்டுவிட்டுத் தப்பி ஓடுவார்கள். வளர்ந்து பெரியவர்களானதும் ஒருவரை மாமாவுக்கு அனுப்புவேன்."

புலிப்பல்லி என்று ஒவ்வொரு தடவையும் எழுதக் கை நோகுது என்று இரண்டாம் தாளில் பல்லியை விட்டுவிட்டாளாம். நான் குசினி நிலத்தில் இருந்துவிட்டேன்.  அந்த நாட்களில் அப்படி உள்ளே போன எல்லாரும் வெளியே வந்ததில்லை. எங்கள் ஊர் ஒழுங்கையிலேயே அப்படி இரண்டு வீடு இருந்தது.

5

தம்பியின் பள்ளிக்கூட அதிபர் நல்ல மனுசன். முகாமுக்குப் போய்க் கதைக்கிறேன் என்றார். "தங்கச்சி, வெறும் வாயால சொன்னா எடுபடாது. முத்திரை குத்தின கடிதம் ஒண்டு அனுப்புங்க" என்றார்.

முத்திரைக்கு இந்த நாட்டில் என்ன பஞ்சம் என்று நகரசபைக் கந்தோருக்கு ஓடினேன். பதற்றத்தில் இருந்த கொஞ்ச ஜெர்மனும் சிதறிவிட்டது. 'எனது லெயோபார்டுகளால் எனது தம்பியைப் பிடித்துவிட்டார்கள்' என்று சொல்லியிருக்கிறேன். கந்தோரில் இருந்த பெண் கதிரையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, சிறுத்தை வளர்க்க அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேட்டாள். கெக்கோ, கெக்கோ என்று கையால் அளவு காட்டினேன். ஒரு மிருகம் மனிதன் அல்ல என்று உறுதிப்படுத்தத் தங்களிடம் படிவம் இல்லை என்றாள். கேலி செய்யவில்லை, உண்மையாகவே அலுமாரியைத் திறந்து தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

அங்கிருந்து மிருக வைத்தியரிடம். இரண்டையும் சப்பாத்துப் பெட்டிக்குள் துவாய் விரித்து வைத்து, குளிர் படாமல் என் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு போனேன். அவர் பரிசோதித்து, இனம், வயது, நிறை எல்லாம் எழுதி முத்திரை குத்தித் தந்தார். இனி அதை ஆங்கிலத்தில் மாற்றவேண்டும். பதிவுபெற்ற மொழிபெயர்ப்பாளர் மூன்று நாள் கேட்டார். சுவரில் ஒட்டிய முதல் தாளை எடுக்கலாம் என்றால் தமிழ் வகுப்பு நடக்கும் மண்டபம் சனிக்கிழமைதான் திறக்கும். ரீச்சர் காவலாளியைத் தேடிப்பிடித்துத் திறப்பித்தார். எல்லாவற்றையும் தொலைநகலில் அனுப்பினேன். அடுத்த நாள் அதிபர் அழைத்தார்.

"தங்கச்சி, கடிதம் வந்திரிக்கு. படந்தான் கறுப்பா ஒரு கட்டை மாதிரி விழுந்திரிக்கு, தலைப்பில புலி எண்டது மட்டுந்தான் தெரியுது. இதக் காட்டினா இன்னும் வில்லங்கம். அத நான் குடுக்கயில்ல."

"கடிதத்துக்கு என்ன சொன்னாங்க?"

"வெளிநாட்டில என்ன கடிதமும் எடுக்கலாம் எண்டுறாங்க."

அப்போது எட்டு நாள் ஆகியிருந்தது. மச்சாள் ஒவ்வொரு நாளும் முகாம் வாசலுக்குப் போய் நின்றுவிட்டு வந்தாள். உள்ளே விடவில்லை. இங்கே நான் வேலைக்குப் போனேன், வந்தேன், பல்லிக்குப் பூச்சி போட்டேன். வாழ்க்கையில் அவ்வளவு வெறுப்போடு நான் எதற்கும் சாப்பாடு போட்டதில்லை. அபி பெட்டிப் பக்கம் போகவேயில்லை. ஒரு பின்னேரம் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, ரெண்டையும் ஆருக்கும் குடுத்திட்டா மாமாவ விடுவாங்களா?"

அவளைப் பிடித்து மடியில் இருத்தினேன். 

6

ஒன்பதாம் நாள் அதிபர் ஒரு செய்தி சொன்னார். எழுதிய பிள்ளையோடு நேரே கதைக்கவேண்டும் என்று முகாமில் கேட்கிறார்களாம். நாளை மறுநாள் பின்னேரம் அழைப்பார்கள். தாய் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கக்கூடாது. தமிழில்தான் பதில் சொல்லவேண்டும்.

தமிழில். 'தண்ணி தா' என்பதை ஜெர்மனில் கேட்கிற பிள்ளை. அவளுடைய வாயில் என் தம்பியின் உயிர். இரண்டு நாள் சொல்லிக்கொடுக்கலாமா என்று யோசித்தேன். இவர்தான் தடுத்தார். "பாடமாக்கினா பாடமாக்கினது தெரியும். விடு, அவளுக்குத் தெரிஞ்சத அவள் சொல்லட்டும்."

மணி அடித்தது. ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்திவிட்டு, அறை மூலைக்குப் போய் என் வாயை நானே பொத்திக்கொண்டேன். பின்னால் யாரோ சிங்களத்தில் கேட்க, ஒரு ஆண்குரல் தமிழில் கேட்டது.

"மகள், பயப்பிடாமச் சொல்லுங்க. ரொபி ஆரு?"

"ரொபி என்ர... என்ர வீட்டு மிருகம்."

"எத்தின வயசு?"

"அஞ்சு மாசம்... இல்ல, இப்ப ஆறு."

"எங்க ஒளிச்சிருக்கிறது?"

"ஐஸ்கிரீம் பெட்டிக்குள்ள. நான்தான் கத்திரிக்கோலால வாசல் வெட்டினனான்."

"மூண்டு இடம் என்னத்துக்கு?"

"சூட்டுப் பக்கம் ஒண்டு. குளிர்ப் பக்கம் ஒண்டு. ஈரம் வெச்சது ஒண்டு. தோல் கழட்ட ஈரம் வேணும். இல்லாட்டி விரலில தோல் இறுகி, விரல் விழுந்திடும்."

"வெள்ளத் தூள்?"

"கல்சியம். பூச்சியையும் தூளையும் பைக்குள்ள போட்டுக் குலுக்கிறது. எலும்புக்கு."

"என்ன அளவுப் பூச்சி?"

மனப்பாடமாக இருந்ததுதான், ஆனால் ஜெர்மனில். அவள் தன் இரண்டு புருவத்துக்கும் நடுவில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். சொல் வரவில்லை. மூலையில் நான் செத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒவ்வொரு சொல்லாகக் கோர்த்தாள்.

"ரொபின்ர ஒரு கண் இஞ்ச. மற்றக் கண் இஞ்ச. நடுவில இருக்கிற இடம் இருக்கெல்லா? அத விடப் பூச்சி பெரிசா இருக்கக்கூடாது. தொண்டைக்க இறுகும்."

அந்தப் பக்கம் அது சிங்களத்தில் போயிற்று. யாரோ சிரித்தார். இன்னும் ஒருவர் சிரித்தார். தமிழ்க்குரல் கொஞ்சம் இளகி, தன்பாட்டில் ஒரு கேள்வி கேட்டது.

"உங்கட பல்லி சொல்லுமா, மகள்?"

எனக்கு விளங்கியது. அவர் எங்கள் பக்கத்து மனுசன். நாம் ஒரு காரியம் கதைக்கும்போது சுவரில் பல்லி சத்தமிட்டால் 'பல்லி சொல்லுது' என்று விரலால் தட்டுவோமே, அதைக் கேட்கிறார். அபிக்கு அது என்ன தெரியும்? எங்கள் வீட்டுச் சுவரில் பல்லி ஏது?

"இல்ல. அது ஒண்டும் சொல்லாது" என்றாள். "என்ன கேட்டாலும் சொல்லாது. பயந்தா மட்டும் கத்தும். குட்டியா இருந்தா இன்னும் கூடக் கத்தும்."

சிரிப்பு நின்றுவிட்டது. அந்த மனுசன் இதைச் சிங்களத்தில் சொன்னாரோ இல்லையோ, எனக்குக் கேட்கவில்லை.  "சரி மகள், வையுங்க" என்றார். குரல் மிகவும் இறங்கியிருந்தது.

7

அடுத்த நாள் தம்பியை விட்டார்கள். மொத்தம் பன்னிரண்டு நாள். அவனால் நாலைந்து நாள் ரவுணுக்கு வரமுடியவில்லை. ஏன் வரமுடியவில்லை என்று மச்சாள் சொல்லவில்லை. வந்து கதைத்தபோது, வகுப்பெடுக்கிற குரல் எங்கேயோ போயிருந்தது.

"நான் நல்லா இரிக்கன் அக்கா."

"அடிச்சாங்களாடா?"

"அத விடு. அபிப்புள்ள எப்பிடி?"

"தன்னாலதான் எண்டு அழுறாள். நான்தான் அந்தச் சொல்லைக் குடுத்தனான், என்னை மன்னிச்சுக்கொள்" என்றேன். 

"அவள அழ வேணாம் எண்டு சொல்லு. அந்தத் தாள எத்தின தரம் எண்டு இல்லாம வாசிக்க வெச்சாங்க. எனக்கு இப்ப அது பாடம். ஒரு எழுத்துப் பிழை இல்ல அக்கா. ஒற்றுக்கூட விடயில்ல. நல்லா எழுதியிரிக்கிறாள்."

நான் அழுதேன். அவன் பொறுத்திருந்துவிட்டுச் சொன்னான்.

"அக்கா, இனி எனக்குத் தமிழில எழுத வேணாம் எண்டு சொல்லு. எழுதிறதெண்டா அந்த நாட்டுப் பாஷையில எழுதட்டும்."

"உனக்கு விளங்காதேடா."

"விளங்காட்டி நல்லம்."

அபி கதவடியில் நின்றாள். மாமா வீட்டுக்கு வந்துவிட்டார் என்றேன், கோபமில்லையாம் என்றேன், இனித் தமிழில் எழுதத் தேவையில்லை என்று சொல்கிறார் என்றேன். அவள் கண் விரிந்தது. "உண்மையாவா? மாமாவே சொன்னவரா? அப்ப சனிக்கிழமையும் போகத் தேவையில்லையா?" என்று ஜெர்மனில் கேட்டாள். சந்தோசத்தில் துள்ளிக்கொண்டு வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவ்வளவு நாளைக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான். அவளைக் கோபிக்க எனக்கு வாய் வரவில்லை.

"ஓம் மகள், மாமாதான் சொன்னவர்" என்றேன்.